நாவலாசிரியர் ஓவியருக்கு எழுதும் கடிதம்: முழுமையான வழிகாட்டி

1870 ஜூன் 1ஆம் தேதி, ஓவியர் ஜான் டென்னியல் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்துவந்த சார்ல்ஸ் டாட்ஜ்சனுக்கு அவசர அவசரமாக ஒரு சிறு கடிதம் எழுதினார். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் நாம் அறிந்திருப்பவர்தான் அந்த டாட்ஜ்சன். ‘அற்புத உலகில் ஆலிஸ்’ என்ற கதையின் இரண்டாம் பாகம் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. ரயில் துள்ளிக் குதிக்கும் காட்சியில் ஆலிஸ் அருகிலிருக்கும் மூதாட்டியின் கூந்தலைப் பிடித்துக்கொள்வதாகக் கரோல் எழுதியிருந்தார். அதற்குப் பதிலாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆட்டின் தாடியைப் பிடிக்கட்டும், அந்தக் குலுக்கலே இருவரையும் ஒன்றாகத் தள்ளிவிடும் என்றார் டென்னியல். அடுத்து அவர் சொன்னது இன்னும் துணிச்சலானது: குளவி வரும் அத்தியாயம் தமக்குச் சற்றும் சுவைக்கவில்லை, அதில் படத்துக்கு வழியே தெரியவில்லை, நூலைச் சுருக்க விரும்பினால் அதற்குரிய இடம் அதுதான். கரோல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார். இன்றைய நூலில் ஆலிஸ் ஆட்டின் தாடியைத்தான் பிடிக்கிறாள். குளவி அத்தியாயம் அதில் இல்லை. அதன் அச்சுப்படி 1974இல் லண்டனில் ஏலத்துக்கு வரும் வரை, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் அப்பகுதி வாசகர் கண்ணில் படவே இல்லை.

நாவல் எழுதி முடித்து, அதற்கு ஓவியம் வேண்டும் என்று நினைக்கும் எவரும் முதலில் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்பேன். தமிழில் இதன் அருமை நமக்குப் புதிதன்று. 1950இல் கல்கி வார இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த முகங்கள்தாம், அக்கதையை நினைத்தவுடன் இன்றும் பலருக்கு மனத்தில் எழுகின்றன. ஆயினும் இன்று நம்மில் பலர் ஓவியரிடம் பேசும் விதம், ‘ஏழாம் அத்தியாயத்துக்கு ஒரு நல்ல படம் வேண்டும்’ என்ற வாட்ஸ்அப் செய்தியோடு முடிந்துவிடுகிறது. எழுத்தாளருக்கு மட்டுமே தெரிந்தவற்றை முழுமையாகக் கொடுத்துவிட்டு, ஓவியருக்கு மட்டுமே தெரிந்தவற்றில் கைவைக்காமல் இருப்பது எப்படி என்பதை, கரோலும் சார்ல்ஸ் டிக்கன்ஸும் தத்தம் ஓவியர்களுக்கு எழுதிய கடிதங்களை முன்வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: அறிமுகக் கடிதம்

கரோல் தாமே வரையக்கூடியவர். ஆலிஸ் லிடல் என்ற சிறுமிக்குப் பரிசளித்த கையெழுத்துப்படியில் 37 படங்களை அவரே வரைந்திருந்தார். அச்சு நூலுக்குத் தம் கை போதாது என்று உணர்ந்தபோது, டென்னியலுக்கு நேரடியாக எழுதாமல், நாடகாசிரியர் டாம் டெய்லருக்கு 1863 டிசம்பர் 20 அன்று எழுதினார். குழந்தை நூலொன்றுக்கு ஒரு டஜன் மரச்செதுக்குப் படங்கள் வரைய டென்னியலால் இயலுமா, இயலுமென்றால் தம்மை அவரோடு தொடர்புபடுத்த முடியுமா என்பதே கேள்வி. அடுத்த ஜனவரியில் சந்திப்பு நடந்தது. ஏப்ரலில் டென்னியல் இசைந்தார். ஒரு டஜன் என்று தொடங்கியது 42 படங்களாக முடிந்தது.

உங்கள் முதல் கடிதமும் அவ்வளவு சுருக்கமாகவே இருக்கலாம். நாவல் எந்தக் காலத்தில், எந்த ஊரில் நடக்கிறது என்பதை ஐந்து வரிகளில் சொல்லுங்கள். ஏறக்குறைய எத்தனை படங்கள், எந்த அளவில், எந்தத் தேதிக்குள் என்பதை எழுதுங்கள். அவருடைய எந்த ஓவியத்தைப் பார்த்து இந்த நாவலுக்கு அவர் பொருந்துவார் என்று தோன்றியதோ அந்த ஓவியத்தைக் குறிப்பிடுங்கள். பொதுவாகப் புகழ்வதைவிட அது அவருக்கு உதவும். படங்களின் எண்ணிக்கை வளரும் என்பதையும் முன்கூட்டியே எதிர்பார்த்து, படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் பேசுவது இருவருக்கும் நல்லது.

இரண்டாம் படி: பணமும் உரிமையும்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 42 படங்களுக்காகக் கரோல் டென்னியலுக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்து 138 பவுண்டு கொடுத்தார். அவற்றை அச்சுக்காக மரக்கட்டையில் செதுக்கிய டால்சியல் சகோதரர்களுக்கான செலவு தனி. இன்றும் ஓவியக் கூலி வேறு, அச்சுக்கேற்பக் கோப்பைச் சீர்செய்யும் கூலி வேறு என்றால், இரண்டையும் கடிதத்தில் பிரித்து எழுதுங்கள். முன்பணம் எவ்வளவு, பென்சில் நகல் வந்தபின் எவ்வளவு, நாவல் வெளிவராமலே போனால் வரைந்த படங்களுக்கு என்ன என்பதும் இந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

உரிமையைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதன் 19ஆம் பிரிவு கொள்கிறது. மின்னூல், மொழிபெயர்ப்பு, அட்டைப்படம், விளம்பரம், மறுபதிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓவியத்தைப் பயன்படுத்தலாமா என்பதைத் தனித்தனியே கேட்டு, அவருடைய பதிலையும் எழுத்தில் பெறுங்கள். அவருடைய பெயர் தலைப்புப் பக்கத்தில் வருமா, உள்பக்கத்தில் மட்டும் வருமா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

மூன்றாம் படி: காட்சிகளைத் தேர்ந்தெடுத்தல்

டிக்கன்ஸின் பல நாவல்கள் மாதத் தொடராக வந்தவை. ஒவ்வொரு மாதமும் 32 பக்கங்கள், உடன் இரண்டு படங்கள், விலை ஒரு ஷில்லிங். ‘ஃபிஸ்’ என்ற பெயரில் வரைந்த ஹேப்லட் பிரவுன் இந்தப் படங்களை உலோகத் தகட்டில் பொறிக்க வேண்டியிருந்தது; அதற்குக் காலம் பிடிக்கும். ஆகவே அந்த மாதப் பகுதியை எழுதி முடிக்கும் முன்பே காட்சியைக் கடிதத்தில் விவரித்து அனுப்பும் நிலை டிக்கன்ஸுக்கு அடிக்கடி ஏற்பட்டது. சில சமயங்களில் பிரவுனிடம் கதையே இருக்காது, கடிதம் மட்டுமே இருக்கும். உங்களிடம் முழு நாவலும் கையில் இருக்கிறது. அதை முழுவதும் ஓவியருக்கு அனுப்புங்கள், சுருக்கத்தை மட்டும் அனுப்பி வரையச் சொல்லாதீர்கள்.

பிறகு, உங்களுக்குப் பத்துப் படங்கள் வேண்டுமானால் பதினைந்து காட்சிகளைப் பட்டியலிட்டு, எவற்றைக் கட்டாயம் வரைய வேண்டும், எவற்றை அவர் விரும்பினால் வரையலாம் என்று பிரித்துக் காட்டுங்கள். பரபரப்பான இடங்களையே எடுக்க வேண்டும் என்பதில்லை. கொலை நடக்கும் தருணத்தைப் பக்கத்திலேயே எழுத்தாக நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். கொலைக்கு முந்தைய இரவில் வாசல் திண்ணையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு படமாக வந்தால், வாசகர் அதை நெடுநேரம் பார்ப்பார். கதையின் திருப்பத்தைப் படம் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் இருக்கிறதா என்பதையும், படம் எந்தப் பக்கத்துக்கு எதிரே அமையும் என்பதோடு சேர்த்துப் பாருங்கள்.

எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு கரோலிடம் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வால்ரஸ் என்ற கடல்விலங்கும் தச்சரும் வரும் பாடலில், தச்சர் என்ற சொல்லுக்குப் பதிலாக வண்ணத்துப்பூச்சி, பாரனெட் (பட்டம் பெற்ற பிரபு) என்பவற்றுக்கான இரண்டு ஆங்கிலச் சொற்களும் சந்தத்தில் சரியாக உட்கார்ந்தன. மூன்றில் எதை வரைய விருப்பம் என்று கரோல் டென்னியலையே கேட்டார். டென்னியல் தச்சரைத் தேர்ந்தெடுத்தார். சந்தத்தில் ஓர் அசையைக்கூட விட்டுக்கொடுக்காத எழுத்தாளர், தமக்கு எந்தச் சொல்லும் ஒன்றுதான் என்ற இடத்தை அடையாளம் கண்டு, அதை ஓவியரிடம் ஒப்படைத்துவிட்டார். உங்கள் நாவலிலும் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கும். நாயகியின் சேலை நிறம் கதையில் ஒன்றும் செய்யவில்லையென்றால், அதை ஓவியரே முடிவுசெய்யட்டும்.

நான்காம் படி: காட்சிக் கடிதம்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். இதில் நான் தவறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். என் நாவலொன்று 1950களின் கரிசல் ஊரில் நடப்பது. ‘பெரியவர் விடியற்காலையில் கமலை இறைத்துக்கொண்டிருந்தார்’ என்ற வரிக்குப் படம் கேட்டு, அந்த வரியை மட்டும் அனுப்பினேன். ஓவியர் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் வரைந்து அனுப்பிய படத்தில், ராட்டினத்தில் தொங்கும் கயிற்றைப் பெரியவர் கையால் இழுத்துக்கொண்டிருந்தார். அழகான ஓவியம் அது. கிணற்றுச் சுவரின் பாசிகூடத் தெரிந்தது. ஆனால் கமலையில் நீர் இறைப்பவை மாடுகள். அவை சரிவில் இறங்கும்போது, கூனை என்ற நீர் மொள்ளும் கலம் நீரோடு மேலே வரும். பின்வாங்கி ஏறும்போது அது கிணற்றுக்குள் இறங்கும். ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். எனக்கு நாள்தோறும் பழகிய காட்சி என்பதால் ஒரு சொல்லே போதும் என்று நினைத்துவிட்டேன். அவருடைய ஐந்து நாள் உழைப்பு வீணானது, என் கடிதத்தின் குறையால். அதன்பின் அதே காட்சிக்கு நான் எழுதிய கடிதத்தை இங்கே தருகிறேன்.

‘அன்புள்ள ஓவியர் அவர்களுக்கு, வணக்கம். ஏழாம் அத்தியாயம், கையெழுத்துப்படியில் 112ஆம் பக்கம். மாசி மாதம், பொழுது இப்போதுதான் புலர்ந்திருக்கிறது, பனி விலகவில்லை. பெரியவருக்கு வயது அறுபதுக்கு மேல்; இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது; தலையில் துண்டு, மேலுக்குச் சட்டை இல்லை. அவர் வடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார், மாடுகள் சரிவில் இறங்குகின்றன. வலத்து மாட்டுக்கு ஒரு கொம்பு முறிந்தது. பதினெட்டாம் அத்தியாயத்தில் அந்த மாட்டை அடையாளம் காண்பதே அந்தக் கொம்பை வைத்துத்தான், ஆகவே அது தவறாமல் வேண்டும். கிணற்று மேட்டில் ஒன்பது வயதுப் பேரன் நிற்கிறான். கையில் பட்டணத்திலிருந்து வந்த கடிதம். மகன் இறந்த செய்தி அதில் இருக்கிறது. பையன் படித்துவிட்டான், தாத்தாவுக்கு இன்னும் தெரியாது. பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டும் என்பது ஒன்றே என் வேண்டுகோள். எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது, யாரை அருகில் வைப்பது, கிணறு எவ்வளவு தெரியலாம் என்பவை உங்கள் முடிவு. கமலையின் பழைய புகைப்படங்கள் இரண்டையும், கிணற்று மேட்டுக்கு நான் போட்ட வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன். வரைபடம், எது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவதற்கு மட்டும்.’

இக்கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அத்தியாயமும் பக்கமும், பருவமும் பொழுதும், உடல் அடையாளங்கள், பின்னால் வரப்போகும் செய்தியோடு தொடர்புள்ள ஒரு பொருள், ஒவ்வொரு மாந்தருக்கும் அந்தக் கணத்தில் தெரிந்ததும் தெரியாததும். ஓவியருக்கு இவற்றுள் மிகவும் பயன்படுவது கடைசியில் உள்ளது என்று நம்புகிறேன். முகத்தில் எதைக் கொண்டுவர வேண்டும் என்பது அதிலிருந்துதான் பிறக்கிறது. அவர் அனுப்பிய இரண்டாவது படத்தில் பெரியவர் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பையன் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான். அந்த இரண்டில் எதையும் நான் கேட்கவில்லை.

விவரம் மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ‘மார்ட்டின் சஸ்ஸில்விட்’ நாவலின் ஒரு படத்துக்கு டிக்கன்ஸ் எழுதி அனுப்பிய குறிப்பில், தொலைவுவரை விரியும் இவ்வளவு காட்சியையும் என்னால் அடக்க முடியாது, ஒரு மைலுக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள படத்துக்கு இசைந்தாலொழிய, என்று பிரவுன் எழுதிவைத்தார். நாவலில் ஒரு பத்தி காலத்தில் நகரும்; முதலில் வண்டி வரும், பிறகு கதவு திறக்கும், பிறகு ஒருவர் அழுவார். படத்துக்கு ஒரே கணம்தான் உண்டு. எந்தக் கணம் என்பதைக் கடிதத்தில் சொல்ல முடியாவிட்டால், நீங்கள் இன்னும் காட்சியைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள்.

ஐந்தாம் படி: பென்சில் நகலுக்குப் பதில் எழுதுதல்

டென்னியலின் படங்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டவை. செதுக்கிய பிறகு ஒரு முகத்தை மாற்ற வேண்டுமானால், அந்தப் பகுதியை வெட்டியெடுத்து வேறு மரத்துண்டைப் பொருத்திப் புதிதாகச் செதுக்க வேண்டும். இன்று கணினியில் வரைந்தாலும், முடித்த படத்தைத் திருத்துவது ஓவியருக்கு ஏறக்குறைய அதே வேதனைதான். எனவே பென்சில் நகலை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே முழுப்படத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

பிந்தினால் என்ன நேரும் என்பதை டிக்கன்ஸ் அனுபவித்தார். ‘டாம்பியும் மகனும்’ 1846 அக்டோபரில் தொடங்கியபோது அவர் வெளிநாட்டில் இருந்தார். திருமதி பிப்சினும் சிறுவன் பாலும் கணப்பருகே அமர்ந்திருக்கும் படத்தைக் கண்டு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு மனம் நொந்து எழுதினார். பிப்சின் வயது முதிர்ந்தவர் என்று கதையில் இருக்கிறது. பாலின் சின்னஞ்சிறு கைநாற்காலி ஒருமுறைக்கு மேல் குறிப்பிடப்படுகிறது. அவன் கணப்பின் மூலையில் அதில் அமர்ந்து அந்த அம்மாளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் படம் நூலில் வராமலிருக்க மகிழ்ச்சியோடு நூறு பவுண்டு கொடுத்திருப்பேன் என்றார். அவர் சொன்ன குறைகள் ஒவ்வொன்றும் துல்லியமானவை. ஓவியருக்கு அந்தச் சொற்கள் அதே தெளிவோடு, உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

திருத்தங்களை எழுதும்போது இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கதைக்கு முரணானவை முதல் வகை: முறிந்த கொம்பு இடத்து மாட்டுக்கு மாறியிருப்பது போன்றவை. இவற்றைத் தயங்காமல், பக்க எண்ணோடு சொல்லலாம். உங்கள் மனத்தில் இருந்த உருவத்தோடு ஒத்துப்போகாதவை இரண்டாம் வகை. இவற்றைச் சொல்வதற்கு முன், வாசகருக்கு அந்த உருவம் எந்த வரியிலிருந்து கிடைக்கும் என்று தேடுங்கள். வரி கிடைக்கவில்லையென்றால், படத்தை அப்படியே விட்டுவிடுவதே சரி.

கரோல் இந்த இரண்டாம் வகையில் மிகவும் கண்டிப்பானவர். ஆலிஸின் பாவாடைக்கு அவ்வளவு விரிப்பு வேண்டாம் என்பார். இரண்டாம் பாகத்தில் ஆலிஸுக்கு வழித்துணையாக வரும் வெள்ளை வீரருக்கு மீசை தாடி கூடாது, அவர் வயதானவராகத் தோன்றக் கூடாது என்பார். டென்னியலின் வெள்ளை வீரர் இன்றும் பெரிய மீசையோடு, முதிய முகத்தோடுதான் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். அந்த இடத்தில் ஓவியரே சரி என்பது என் கருத்து. ஆலிஸுக்கு விடைகொடுக்கும் அந்தப் பகுதியின் துயரம் அந்த முகத்தில்தான் நிற்கிறது.

கோபத்தில் எழுதாமலிருக்கவும் கரோலே வழி சொல்லியிருக்கிறார். 1890இல் கடிதம் எழுதுவது பற்றி அவர் வெளியிட்ட சிறு நூலில், பெறுபவரை எரிச்சலூட்டக்கூடிய கடிதத்தை எழுதினால், அதை மறுநாள் வரை ஒதுக்கிவைத்து, உங்களுக்கே வந்த கடிதமாக நினைத்துப் படித்துப் பாருங்கள் என்கிறார். ஓவியரின் வரைவைத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இதைக் கடைப்பிடியுங்கள். குரல் செய்தியில் திருத்தம் சொல்லாதீர்கள். ஒதுக்கிவைத்துப் படித்துப் பார்க்க அதில் வழியில்லை.

ஆறாம் படி: ஓவியர் மறுக்கும்போது

மாதிரியாக ஒரு சிறுமியை அமர்த்தி வரையும்படி கரோல் விரும்பினார். கணக்குப் போட உங்களுக்கு வாய்ப்பாடு தேவைப்படாதது போலவே எனக்கும் மாதிரி தேவையில்லை என்று டென்னியல் மறுத்ததாகக் கரோலே பின்னாளில் எழுதியிருக்கிறார். வரையும் முறை ஓவியருடையது. அதில் கருத்துச் சொல்லலாம், கட்டாயப்படுத்த முடியாது.

ஒரு காட்சியை வரைய முடியவில்லை என்று ஓவியர் சொன்னால், காரணத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பகுதியை ஒருமுறை மீண்டும் படியுங்கள். உங்கள் நாவலை முதன்முதலில் வரிவரியாகக் காட்சிப்படுத்திப் பார்ப்பவர் அவர். எங்கே நிற்கிறார்கள், யார் கை எங்கே இருக்கிறது என்று அவருக்குப் புலப்படவில்லையென்றால், எழுத்தில் தெளிவில்லாமல் இருக்கலாம். அத்தியாயத்தையே நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆட்டுத் தாடி போன்ற யோசனை வந்தால், உடனே வாக்கியத்தை மாற்றிப் பார்த்துவிடுங்கள். மாற்றிய வாக்கியத்தை ஓவியருக்கும் அனுப்பிவையுங்கள்.

இருவருக்கும் உடன்பாடு வராவிட்டால், நூல் யாருக்கானதோ அவர்களைக் கேட்கலாம். ஜாபர்வாக் என்ற கொடிய விலங்கின் படத்தை முகப்பு ஓவியமாக வைத்தால் குழந்தைகள் அஞ்சுவார்களோ என்ற ஐயம் எழுந்தபோது, கரோல் சுமார் முப்பது தாய்மார்களுக்கு எழுதிக் கருத்துக் கேட்டார். அந்த விலங்கு உள்ளே போயிற்று. வெள்ளை வீரர் முகப்புக்கு வந்தார்.

ஏழாம் படி: அச்சகத்துக்குப் போகும் முன்

1865இல் ஆலிஸின் முதல் பாகம் ஆக்ஸ்போர்டில் 2000 படிகள் அச்சானது. படங்கள் அச்சான விதம் தமக்குச் சற்றும் நிறைவளிக்கவில்லை என்று டென்னியல் தெரிவித்தார். கரோல் அந்தப் பதிப்பையே திரும்பப் பெற்று, வேறு அச்சகத்தில் மீண்டும் அச்சிட்டார். அதற்கான இழப்பும் அவருடையதே. நாம் அவ்வளவு செலவழிக்க முடியாது என்பதால், அச்சு மாதிரியை ஓவியருக்கு அனுப்பி, அவருடைய ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகே மொத்த அச்சுக்குச் சொல்லுங்கள்.

அதற்கு முன்பே, வரையத் தொடங்கும்போதே அவருக்குத் தெரிய வேண்டிய அளவுகள் உண்டு. டெம்மி அளவுப் புத்தகத்தில் எழுத்துப் பரப்புக்கு ஏறக்குறைய 4 அங்குல அகலமே கிடைக்கும். பெரிதாக வரைந்த மெல்லிய கோடுகள் அதில் மறைந்துபோகலாம். சாம்பல் சாயல்கள் உள்ள படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), கருப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 600க்குக் குறையாமல், முடிந்தால் 1200 என்று கேளுங்கள். பக்க விளிம்பு வரை நீளும் படமாக இருந்தால், வெட்டுக்காக ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும். தாளின் மாதிரித் துண்டு ஒன்றைத் தபாலில் அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது. மை ஊறும் தாளில் அடர்ந்த குறுக்குக்கோடுகள் கருப்புத் திட்டாகிவிடும் என்பதை ஓவியர் கையில் தொட்டுப் பார்த்தே அறிந்துகொள்வார்.

எட்டாம் படி: கடிதங்களைக் காப்பாற்றுதல்

1860 செப்டம்பரில் டிக்கன்ஸ் தமக்கு வந்த கடிதங்களைத் தம் காட்ஸ் ஹில் வீட்டில் குவித்து எரித்தார். பிரவுனும் தம்மிடமிருந்த கடிதங்களைத் தீயிலிட்டவர்தான். இருபதாண்டுகளுக்கு மேல் சேர்ந்து உழைத்த இருவரின் உரையாடலில், தப்பிய சில குறிப்புகளே நமக்குக் கிடைத்திருக்கின்றன. கரோலோ 1861 ஜனவரி முதல், தாம் அனுப்பிய, பெற்ற ஒவ்வொரு கடிதத்தையும் எண்ணிட்டு ஒரு பதிவேட்டில் குறித்துவந்தார். கடைசி எண் 98,721.

அவருடைய முறையை நாமும் எளிதாகப் பின்பற்றலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைக் கடிதத்தின் தலைப்பிலும் கோப்பின் பெயரிலும் இடுங்கள். பென்சில் நகல், திருத்தக் கடிதம், பதில், இறுதிப் படம் நான்கையும் அந்த எண்ணுள்ள ஒரே உறையில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால், நாவல் வெளிவந்த வாரத்திலேயே அந்த உரையாடலை முழுவதும் ஏற்றுமதி செய்து, படங்களோடு வேறிடத்தில் ஒரு படியும், ஓவியரிடம் ஒரு படியும் இருக்குமாறு செய்யுங்கள். கைபேசி மாறும்போது முதலில் தொலைவது அதுதான்.